துப்பாக்கி உரிமம்: தவறவிடக் கூடாத தேதி

அமெரிக்காவில் இரண்டு கோடிக்கும் அதிகமானோர் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்துக்குப் பக்கத்தில் பர்ஸில் செருகி வைக்கும் சிறிய அட்டை அது. பெயர், படம், எண் என்று பலவும் அதில் இருக்கின்றன. ஆனால், கண்ணில் படாமல் ஒரு மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் காலாவதித் தேதிதான் மற்ற எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்கிறது. அந்தத் தேதிவரை சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகனாக நடமாடிய ஒருவர், மறுநாள் காலையில் அதே துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு காரில் ஏறினால், சில மாநிலங்களில் கைதுசெய்யப்படலாம். துப்பாக்கியும் மாறவில்லை, மனிதரும் மாறவில்லை, தேதி மட்டும் கடந்திருக்கிறது.

இப்போது அந்தத் தேதிக்கே மரியாதை குறைந்துவருகிறது. 29 மாநிலங்கள், தகுதியுள்ள எவரும் உரிமம் இல்லாமலேயே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் இயற்றிவிட்டன. ‘உரிமமே தேவையில்லை என்றான பிறகு, அதைப் புதுப்பிக்க எதற்கு அலைய வேண்டும்?’ என்று அங்கெல்லாம் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், உரிமம் கட்டாயமாக உள்ள மாநிலங்கள் சிலவற்றில் புதுப்பிப்பது பெரும் செலவும் நீண்ட காத்திருப்புமாக இருக்கிறது. இரண்டுமே தவறான திசைகள். உரிமத்துக்குக் காலாவதி இருக்க வேண்டும். அந்தக் காலாவதிக்கு முன்பே உரியவர் அதைப் புதுப்பித்துவிட வேண்டும். நேர்மையாக விண்ணப்பித்தவரை அரசு தேதி தவறவிட வைக்கக் கூடாது. ஆயுதம் ஏந்தும் ஒருவரும் அவரைச் சுற்றி ஆயுதமின்றி நடமாடும் மற்றவர்களும் ஒரே தெருவில் நிம்மதியாக வாழ்வதற்கு இந்த மூன்றும் அவசியம்.

ஒரு நாடு, ஐம்பது விதிகள்

இந்த உரிமத்தை அமெரிக்க மத்திய அரசு வழங்குவதில்லை. மாநிலங்கள்தான் வழங்குகின்றன. ஆகவே, எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும், யார் வழங்குவது, புதுப்பிக்கப் பயிற்சி தேவையா என்பதெல்லாம் மாநில எல்லையைத் தாண்டியதும் மாறிவிடும். ஃபுளோரிடாவில் உரிமம் 7 ஆண்டுகளுக்குச் செல்லும். வழங்குவது அந்த மாநிலத்தின் வேளாண்மை, நுகர்வோர் சேவைத் துறை. ஒஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் 5 ஆண்டுகள். அங்கே மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போக வேண்டும். நியூ ஜெர்ஸியிலும் கலிஃபோர்னியாவிலும் 2 ஆண்டுகள்தான். நியூ யார்க்கில் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். இண்டியானாவில் ஆயுள்கால உரிமமே வாங்கிக்கொள்ளலாம். வெர்மான்ட் மாநிலத்தில் இப்படியொரு உரிமம் எப்போதும் இருந்ததில்லை. ரட்லண்ட் நகரம் கொண்டுவந்த கட்டுப்பாட்டை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1903-லேயே ரத்துசெய்துவிட்டது.

இந்த வேறுபாடுகளுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு உண்டு. நியூ யார்க்கின் சல்லிவன் சட்டம் 1911-இல் வந்தது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல விரும்புகிறவர், தனக்கு அது ஏன் தேவை என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டிய முறை அங்கிருந்து வளர்ந்தது. 1987-இல் ஃபுளோரிடா அதற்கு நேர்மாறான பாதையில் போனது: சட்டம் கேட்கும் தகுதிகள் இருந்தால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும், அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. அடுத்த 25 ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. கடைசியாக, நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2013-இல் இல்லினாய் வழிக்கு வந்தது. 2022 ஜூன் மாதம் ‘புருவன்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘தனிப்பட்ட காரணம் காட்ட வேண்டும்’ என்ற நியூ யார்க் நிபந்தனை அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு உரிம முறையை ஒழிக்கவில்லை. பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி போன்ற புறநிலைத் தகுதிகளின் அடிப்படையில் உரிமம் வழங்கும் முறையை அது ஐயத்துக்கு உள்ளாக்கவில்லை. அதே நேரம், நீண்ட காத்திருப்பும் மிகையான கட்டணமும் உரிமையை மறுப்பதற்குச் சமமானால் அவற்றை எதிர்த்து வழக்குத் தொடுக்கலாம் என்று ஓர் அடிக்குறிப்பில் எச்சரித்தது. இன்றைய புதுப்பித்தல் விவாதம் முழுவதும் அந்த அடிக்குறிப்புக்குள் அடங்கிவிடுகிறது.

தேதி தவறினால்

‘ஒரு வாரம் தாமதமானால் என்ன?’ என்று நினைப்பவர்கள், தங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்திருக்க மாட்டார்கள். ஒஹையோவில் காலாவதிக்குப் பிறகு 30 நாட்கள் உரிமம் செல்லுபடியாகும். பென்சில்வேனியாவில், காலாவதியாகி ஆறு மாதத்துக்குள் பிடிபட்டவர், புதுப்பிக்கத் தகுதியுள்ளவராக இருந்தால், உரிமமின்றி எடுத்துச் சென்ற குற்றத்திலிருந்து சட்டம் அவருக்கு விலக்கு தருகிறது. ஃபுளோரிடாவில் 15 டாலர் தாமதக் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கலாம். ஆனால் 180 நாட்கள் கடந்துவிட்டால் உரிமம் நிரந்தரமாகக் காலாவதி ஆகிவிடும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மினசோட்டாவில் தாமதக் கட்டணத்தோடு புதுப்பிக்கக் கிடைப்பது 30 நாட்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 90 நாட்கள்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தாமதக் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கலாம் என்பது வேறு. அந்த இடைவெளியில் துப்பாக்கியோடு வெளியே போகலாம் என்பது வேறு. முன்னது, விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ள அலுவலகத்துக்குச் சட்டம் தரும் சலுகை மட்டுமே. ஒஹையோவைப் போல உரிமமே செல்லும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒழிய, உரிமம் கட்டாயமான மாநிலத்தில் காலாவதியான நாள் முதல் புதிய அட்டை கைக்கு வரும்வரை துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில்தான் இருக்க வேண்டும்.

நினைவூட்டல் கடிதம் வரும் என்று காத்திருப்பதும் ஆபத்தானது. ஃபுளோரிடா சட்டப்படி 90 நாட்களுக்கு முன்பும், பென்சில்வேனியா சட்டப்படி 60 நாட்களுக்கு முன்பும் அலுவலகம் கடிதம் அனுப்ப வேண்டும். ஆனால், அந்தக் கடிதம் வரவில்லை என்பதால் புதுப்பிக்கும் பொறுப்பு நீங்கிவிடாது என்று பென்சில்வேனியா சட்டம் அதே பத்தியில் சொல்லிவிடுகிறது. வீடு மாறியவர் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டிருந்தால், கடிதம் பழைய வாசலுக்குத்தான் போகும்.

மாநில எல்லை எவ்வளவு கடுமையானது என்பதற்கு 2013-இல் நடந்த ஒரு சம்பவம் போதும். பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஓர் இளம் தாய், பக்கத்து நியூ ஜெர்ஸிக்குள் கார் ஓட்டிச் சென்றார். போக்குவரத்துக் காவலர் நிறுத்தியபோது, தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது என்று அவராகவே சொன்னார். அந்த உரிமத்தை நியூ ஜெர்ஸி ஏற்பதில்லை. மூன்றாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை அவர் முன் நின்றது. நாடு முழுக்க எழுந்த விவாதத்துக்குப் பிறகு வழக்கு சிறைக்குப் பதிலான மாற்று வழிக்குத் திருப்பப்பட்டு, 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அவர் கையில் இருந்தது நடப்பில் உள்ள உரிமம். ஓர் இடத்தில் செல்லாத உரிமத்துக்கே இந்த நிலை என்றால், எந்த இடத்திலும் செல்லாத காலாவதி உரிமத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

உரிமம் கேட்காத மாநிலத்தில்கூட

டெக்சஸ் 2021 செப்டம்பரிலும், ஒஹையோ 2022 ஜூனிலும், ஃபுளோரிடா 2023 ஜூலையிலும் உரிமமின்றி எடுத்துச் செல்வதை அனுமதித்தன. ஆனாலும் அந்த மாநிலங்கள் உரிமம் வழங்குவதை நிறுத்தவில்லை. நிறுத்தாததற்கு வலுவான காரணங்கள் உண்டு.

முதல் காரணம், பயணம். ஒரு மாநில உரிமத்தை இன்னொரு மாநிலம் ஏற்பது இரண்டுக்கும் இடையிலான ஒப்பந்தத்தையோ சட்டத்தையோ பொறுத்தது. கையில் செல்லுபடியாகும் அட்டை இல்லாதவருக்கு அந்த ஏற்பு பயன்படாது. கலிஃபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்ஸி போன்றவை வெளிமாநில உரிமம் எதையும் ஏற்பதில்லை. எல்லா மாநிலங்களும் ஏற்றே ஆக வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை.

இரண்டாவது, பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1990-இல் வந்தது. 1995-இல் ‘லோபஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்ய, அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் திருத்தி மீண்டும் இயற்றியது. அந்தச் சட்டம், பள்ளி இருக்கும் மாநிலம் வழங்கிய உரிமத்தை வைத்திருப்பவருக்கு விலக்கு தருகிறது. உரிமமே தேவையில்லை என்று மாநிலம் சொல்லிவிட்டது என்பது மத்தியச் சட்டத்தின்படி விலக்காகாது. ஒரு நகரத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் 1,000 அடி வட்டம் வரைந்தால், அந்த வட்டங்களைத் தொடாமல் அலுவலகத்துக்குப் போகும் சாலையைக் கண்டுபிடிப்பது கடினம். உரிமத்தைக் காலாவதியாக விட்டவர், தன் மாநிலச் சட்டத்தை மீறாமலேயே மத்தியச் சட்டத்தை மீறியவராகிவிடலாம். அதற்கான தண்டனை ஐந்தாண்டுவரை சிறை.

மூன்றாவது, துப்பாக்கி வாங்கும் இடம். 1981-இல் அதிபர் ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் தலையில் குண்டு பாய்ந்து படுகாயமடைந்தவர் அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடி. அவர் பெயரால் 1993-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, 1998 நவம்பரிலிருந்து கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கு முன்பும் எஃப்.பி.ஐ. நடத்தும் தரவுதளத்தில் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். ஐந்தாண்டுக்குள் வழங்கப்பட்ட, உரிய தரம் கொண்ட மாநில உரிமம் இருந்தால் அந்தச் சரிபார்ப்பு தேவையில்லை. டெக்சஸ் உரிமம் அப்படிப்பட்டது. அதாவது, அந்த அட்டையைப் பார்த்து, ‘இவரை ஏற்கெனவே சரிபார்த்தாகிவிட்டது’ என்று மத்திய அரசே நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு ஐந்தாண்டு என்ற எல்லை வைத்ததில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது.

மனிதர்கள் மாறுகிறார்கள்

ஐந்தாண்டுக்கு முன் உரிமம் வாங்கியபோது குற்றப் பதிவு எதுவும் இல்லாத ஒருவர் மீது, இன்று மனைவியை அடித்ததாக நீதிமன்ற ஆணை இருக்கலாம். அன்று நல்ல நினைவாற்றலோடு இருந்தவருக்கு இன்று மறதி நோய் தொடங்கியிருக்கலாம். வேலை இழப்பு, மணமுறிவு, குடி, கடும் மனச்சோர்வு எதுவும் நேர்ந்திருக்கலாம். அட்டையில் உள்ள படம் மட்டும் பழைய முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்தல் என்பது அந்த மனிதரை அரசு மீண்டும் ஒருமுறை பார்க்கும் வாய்ப்பு. அவரும் தன்னையே பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு.

டெக்சஸைச் சேர்ந்த ரஹிமி என்பவர் தொடர்பான வழக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. குடும்ப வன்முறைக்காக 2020-இல் அவர்மீது பிறப்பிக்கப்பட்ட தடையாணை, அவருடைய கைத்துப்பாக்கி உரிமத்தையும் இடைநிறுத்தியது. அப்படிப்பட்ட ஆணைக்கு உட்பட்டவர்களிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டம் செல்லும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. புருவன் தீர்ப்பைத் தந்த அதே நீதிமன்றம்தான் இதையும் சொன்னது. ஒருவர் எப்போதோ பெற்ற தகுதி என்றென்றைக்குமான தகுதி அல்ல என்பதை அது ஏற்றுக்கொண்டது.

சரிபார்க்கத் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஃபுளோரிடாவில் 2016 பிப்ரவரி முதல் ஓராண்டுக்கும் மேலாக, மத்தியத் தரவுதளத்தில் தடை காட்டப்பட்ட விண்ணப்பங்களை யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. பொறுப்பில் இருந்த ஊழியரால் கணினி அமைப்புக்குள் நுழைய முடியவில்லை. அது அப்படியே விடப்பட்டது. பிழை கண்டறியப்பட்ட பிறகு மீண்டும் ஆய்ந்து 291 உரிமங்களை ரத்துசெய்தார்கள். இந்தச் செய்தி 2018-இல்தான் மக்களுக்குத் தெரிந்தது. அலபாமாவில் சில ஷெரிஃப்கள் மத்தியச் சரிபார்ப்பு செய்யாமலேயே உரிமம் கொடுத்துவந்தார்கள். தகுதியற்றவர்களுக்கும் உரிமம் போயிருந்தது. 2019-இல் மத்திய அரசு, அலபாமா உரிமத்தைக் காட்டி இனிக் கடைகளில் சரிபார்ப்பின்றித் துப்பாக்கி வாங்க முடியாது என்று அறிவித்தது. ஒரு சில அலுவலகங்களின் அலட்சியத்துக்கு, அந்த மாநிலத்தில் நேர்மையாக உரிமம் பெற்ற அத்தனை பேரும் விலை கொடுத்தார்கள்.

சரியாகச் செய்ய முடியும் என்பதற்குக் கென்டக்கி சான்று. உரிமம் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் அந்த மாநிலம் மாதந்தோறும் மத்தியத் தரவுதளத்தில் மறுபடியும் சரிபார்க்கிறது. ஐந்தாண்டுவரை காத்திருக்காமல், தகுதி இழந்தவரை அடுத்த மாதமே கண்டுகொள்கிறது. உரிமமின்றி எடுத்துச் செல்வதை 2019-இலேயே அனுமதித்த மாநிலம் அது. துப்பாக்கி உரிமையை மதிப்பதும் கவனமாகச் சரிபார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை அங்கே பார்க்கலாம்.

தரவுதளத்தால் பார்க்க முடியாதவையும் உண்டு. 2024-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் ஏறத்தாழ 94 விழுக்காடு குண்டு நிரப்பப்பட்டவை. பிடிபட்டவர்கள் அடிக்கடி சொல்லும் பதில், ‘பையில் இருந்ததையே மறந்துவிட்டேன்’ என்பதுதான். குண்டு நிரப்பிய துப்பாக்கி தன்னோடு இருப்பதையே ஒருவர் மறக்கக்கூடும் என்றால், முதல்முறை உரிமம் வாங்கும்போது பெற்ற பயிற்சி ஆயுள் முழுதும் போதும் என்று சொல்வது எப்படி? இல்லினாய் புதுப்பிக்க 3 மணிநேரப் பயிற்சியும், கலிஃபோர்னியா 8 மணிநேரப் பயிற்சியும் கேட்கின்றன. ஃபுளோரிடா, டெக்சஸ், ஒஹையோ ஆகியவை மறுபயிற்சியே கேட்பதில்லை. எட்டு மணிநேரம் பலருக்குச் சுமையாக இருக்கலாம். ஆனால், எங்கே எடுத்துச் செல்லக் கூடாது, காரில் எப்படி வைக்க வேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் எப்படிப் பூட்ட வேண்டும், எந்தச் சட்டம் மாறியிருக்கிறது என்பதை நினைவூட்டும் ஓர் அரை நாள் வகுப்பு எல்லா மாநிலங்களிலும் இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் அதிகம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், சுமார் 27,000 பேர், தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். எந்தப் புதுப்பித்தல் படிவமும் இதைத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிற்றுநர் முன் உட்கார்ந்து, மனச்சோர்வு நேர்ந்தால் துப்பாக்கியை யாரிடம் ஒப்படைப்பது, வீட்டில் ஒருவர் தளர்ந்திருந்தால் பெட்டகச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று பேசுவது ஓர் உயிரையாவது காக்கும். அதற்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டும். காலாவதித் தேதி அந்தச் சந்தர்ப்பத்தைத் தருகிறது.

அரசின் பொறுப்பு

இத்தனையும் சொன்ன பிறகு, புதுப்பித்தலைத் தண்டனையாக மாற்றும் அரசுகளையும் கண்டிக்காமல் விட முடியாது. உரிமம் வழங்கும் அதிகாரம் எப்படித் தவறாகப் பயன்பட்டது என்பதை அமெரிக்கா மறக்கக் கூடாது. 1956-இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. அதன் பிறகு துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு அவர் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. அந்த நாட்டில் அவரைவிட உண்மையான ஆபத்தில் இருந்தவர்கள் மிகச் சிலரே. அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட சட்டம், அதிகாரியின் வெறுப்புக்கும் விடப்பட்ட சட்டமாகிவிடும். புதுப்பிப்பவரின் நிறமோ, பெயரோ, பேசும் மொழியோ, வாழும் பகுதியோ எந்த வகையிலும் கணக்கில் வரக் கூடாது.

செல்லுபடியாகும் உரிமம்கூடச் சிலரைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. மினசோட்டாவில் 2016 ஜூலையில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் பணிவாகச் சொன்ன சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். அவரிடம் உரிமம் இருந்தது. சுட்ட காவலரை அடுத்த ஆண்டு நடுவர் குழு விடுவித்தது. குடிமக்கள் தேதி தவறாமல் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்கும் அரசு, அந்த அட்டையைக் காட்டுபவரை மதித்து நடத்தத் தன் காவலர்களுக்கும் பயிற்சி தர வேண்டும். ஒரு தரப்பு மட்டும் கடமையைச் செய்தால் போதாது.

கட்டணத்தைப் பாருங்கள். டெலவேர் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள பென்சில்வேனியாவில் ஐந்தாண்டு உரிமத்துக்கு 20 டாலர். கிழக்குக் கரையில் உள்ள நியூ ஜெர்ஸியில் இரண்டாண்டு உரிமத்துக்கு 200 டாலர். நியூ யார்க் நகரத்தில் 340 டாலர். இரவுப் பணி முடிந்து ஆபத்தான தெரு வழியே வீடு திரும்பும் செவிலியருக்கும், மெய்க்காவலர் வைத்துக்கொள்ளும் வசதியுள்ளவருக்கும் ஒரே உரிமைதான். கட்டணம் அந்த உரிமையைப் பணக்காரர்களுக்கு மட்டும் உரியதாக்கிவிடக் கூடாது. காத்திருப்பும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் விண்ணப்பங்கள் பல மாதங்கள் கிடப்பில் கிடந்ததை எதிர்த்து வழக்குகள் நடந்தன; 2025-இல் அமெரிக்க நீதித் துறையே அங்குள்ள ஷெரிஃப் துறை மீது வழக்குத் தொடுத்தது.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே ஒரு மாநிலத்தில் இருக்கிறது. மிச்சிகனில், காலாவதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். தேதிக்குள் விண்ணப்பித்து ரசீது பெற்றவரின் பழைய உரிமம் மேலும் 180 நாட்கள், அல்லது புதியது கைக்கு வரும்வரை, செல்லும். தாமதம் அலுவலகத்தினுடையது என்றால் அதன் பாரத்தை அலுவலகமே சுமக்கட்டும் என்பதுதான் இதன் பொருள். கோவிட் காலத்தில் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, ஒஹையோ சட்டமன்றம் காலாவதியாகவிருந்த உரிமங்களை நீட்டித்தது. பேரிடரில் செய்ய முடிந்ததைச் சாதாரண நாட்களிலும் செய்யலாம். நினைவூட்டலைக் கடிதமாக மட்டுமின்றிக் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் அனுப்புவது, குறைந்த கட்டணம், முடிவெடுக்க உறுதியான காலக்கெடு, விண்ணப்ப ரசீதுக்குச் சட்ட மதிப்பு, கென்டக்கியைப் போல மாதாந்திரச் சரிபார்ப்பு: இந்த ஐந்தையும் ஒவ்வொரு மாநிலமும் சட்டமாக்க வேண்டும்.

உரியவரின் பொறுப்பு

உரிமம் வைத்திருப்பவர் செய்ய வேண்டியதும் கடினமானதல்ல. காலாவதிக்கு 90 நாட்கள் முன்பே தொடங்கிவிட வேண்டும். ஒஹையோ உள்ளிட்ட பல மாநிலங்கள் அப்போதே விண்ணப்பத்தை ஏற்கின்றன. தன் மாநிலத்தில் புதிய பயிற்சிச் சான்று, கைரேகை, படம் எது தேவை என்பதை அதிகாரபூர்வமான அறிவிப்பில் பார்க்க வேண்டும். நண்பர் சொன்னதை நம்பக் கூடாது. பெயரோ முகவரியோ மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், பழைய மாநில உரிமம் தனக்கு இன்னும் செல்லுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்ணப்ப ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தேதி கடந்துவிட்டால், சட்டம் தெளிவாக அனுமதித்தால் தவிர, துப்பாக்கியைத் தொடாமல் பூட்டி வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் கையில் வாங்குவதுகூடச் சிக்கலாகலாம். கிரீன் கார்டு பெற்றவர்கள் வைத்திருக்கலாம். ஆனால், துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்ததற்கோ எடுத்துச் சென்றதற்கோ தண்டனை பெற்றால், அது அவர்களை நாடுகடத்துவதற்கான காரணங்களில் ஒன்று என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. ஒரு குடிமகனுக்கு அபராதத்தோடு முடியக்கூடிய விஷயம், கிரீன் கார்டு வைத்திருப்பவரின் குடும்பத்தையே வேரோடு பெயர்த்துவிடலாம். பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வாங்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும், வாங்கிய அன்றே உரிமத்தின் கடைசித் தேதியை வீட்டில் எல்லோரும் பார்க்கும் நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டும்.

துப்பாக்கி உரிமையின் ஆதரவாளர்கள் பலர், புதுப்பிக்கச் சொல்வதையே அரசின் தலையீடாகப் பார்க்கிறார்கள். கட்டுப்பாட்டை விரும்புவோரில் சிலர், உரிமம் பெறுபவர் எல்லோரையும் ஐயத்தோடு பார்க்கிறார்கள். இரு சாராரும் ஓர் உண்மையை ஏற்க வேண்டும். உரிமை என்பது ஒருவரிடம் நிலைத்திருப்பது. தகுதி என்பது காலத்தோடு மாறுவது. அரசமைப்புச் சட்டம் முதலாவதைக் காக்கிறது; காலாவதித் தேதி இரண்டாவதைச் சரிபார்க்கிறது. தேதிக்கு முன்பே புதுப்பிக்கும் குடிமகன், ‘நான் இன்னும் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவன்’ என்று தன் அயலாருக்குச் சொல்கிறார். அதை விரைவாகவும் நியாயமாகவும் சரிபார்த்துக் கொடுக்கும் அரசு, ‘உங்கள் உரிமையை மதிக்கிறோம்’ என்று அவருக்குச் சொல்கிறது. இந்தப் பரிமாற்றத்தை எளிமையாக்குங்கள்; ஒழித்துவிடாதீர்கள். ஆயுதம் ஏந்துபவர் மீது ஏந்தாதவர் வைக்கும் நம்பிக்கையும் அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டியதுதான்.